நாற்பத்தெட்டு நாளும் விடாமல்

தென்காசி
28-6-58

அன்புள்ள தங்கச்சி பேராச்சிக்கு அக்கா நாச்சியார் எழுதிக்கொண்டது. இங்கு நானும் உலகுவும் இருக்கிறோம். பட்டணத்தில் நீயும் உன் வீட்டுக்காரர் குத்தாலிங்கம் தம்பியும் சுகமாக இருக்க உலகம்மன் துணை. உன் வயிற்றில் இருப்பதும் சுகந்தானே. மாங்காய் தின்கிறாயா.

இதுவரை நான் சொல்லச் சொல்ல உலகுதான் கடிதம் எழுதுவாள். இதை நானே எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்பு எழுத்து, கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள். மகளை வைத்து எழுதக்கூடிய விஷயம் இல்லை.

உன் அத்தான் போய் நாலு மாதம் ஆகிறது. நான் வாசல் தாண்டுவதில்லை. அவர் செருப்பு இன்னும் நடையில்தான் கிடக்கிறது. எடுக்கக் கை வரவில்லை. சித்திரையில் ஒரு நாள் உலகுவுக்குத் தலை வாரிவிடும்போது தாடையில் ரெண்டு முடி பார்த்தேன். பிடுங்கிப் போட்டேன். இப்போது ஆனி. தாடை கறுத்துவிட்டது. மேலுதடு, காதோரம், நெஞ்சு, அடிவயிறு எல்லாம் முளைக்கிறது. பத்தொன்பது வயசுப் பெண், பேராச்சி.

சீசன் ஆரம்பித்ததும் பக்கத்து நெசவு வீட்டு ஜைனப்பும் அவள் உம்மாவும் குற்றாலம் போனார்கள். கூட உலகுவை அனுப்பினேன். பெண்கள் பக்கத்தில் அருவியில் நிற்கும்போது முகத்து மஞ்சள் கரைந்து போயிருக்கிறது. எவளோ ஒருத்தி, "ஏட்டி, இங்கன ஒருத்தன் சேலை கட்டிக்கிட்டு நிக்கான் பாருங்கட்டி" என்றாளாம். எல்லாரும் சிரித்திருக்கிறார்கள். ஜைனப் சும்மா விடவில்லை. "ஒன் புருசனுக்கு மீசை இருக்கான்னு மொதல்ல போயி பாரு" என்று கேட்டுவிட்டாள். உலகு வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. முகம் பார்க்கும் கண்ணாடியைத் திருப்பி மாட்டிவிட்டாள்.

உனக்கே தெரியும், கீழப்பாவூர் சங்கரநாராயணன் வாத்தியாருக்கு இவளைக் கொடுப்பதாக உன் அத்தான் வெற்றிலை மாற்றிவிட்டுத்தான் கண்ணை மூடினார். கடைசியாகப் பேசியது அதுதான். "பாவூருக்கு வாக்குக் குடுத்திருக்கேன் நாச்சியார்." தலைத்திவசம் கழித்து வைகாசியில் கல்யாணம். அந்தச் சம்பந்தி அம்மாள் பெரிய கறார்க்காரி. சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேசுவாள், சிரிக்கக்கூட மாட்டாள். அவள் கண்ணில் இது பட்டால் என்ன ஆகும்.

கை வைத்தியம் ஏதாவது தெரிந்தால் எழுது. கவரில் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா நாச்சியார்


சென்னை
8-7-58

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை பேராச்சி நமஸ்காரம். உன் கடிதம் கிடைத்தது. நாங்கள் சுகம். மாங்காய் இங்கே சப்பென்று இருக்கிறது. உன்னை நினைத்தால்தான் சோறு இறங்கவில்லை. அத்தான் செருப்பை யாருக்காவது கொடுத்துவிடு, அக்கா. வேண்டாம், உன் இஷ்டம்.

உலகு விஷயத்துக்கு இவ்வளவு பயமா. நம் அம்மாவுக்கு என்ன இருந்தது, மறந்துவிட்டாயா. பள்ளிக்கூடத்தில் என்னை "மீசைக்காரி மவ" என்று கூப்பிடுவார்களே. அம்மா அதோடுதான் எழுபது வயசு வாழ்ந்தாள். எனக்கும் உண்டு. போன மாதம் இவர் சவரம் பண்ணிக்கொண்டிருந்தவர் என்னைத் திரும்பிப் பார்த்து, "பேராச்சி, பிளேடு இன்னும் நல்லாத்தான் இருக்கு, ஒனக்கும் வேணுமா" என்கிறார். கரண்டியால் ஒன்று வைத்தேன். நம் வம்சத்து முடி, அக்கா. பிள்ளை பெற்றால் போய்விடும் என்பார்கள்.

கஸ்தூரி மஞ்சள், கோரைக்கிழங்கு, குப்பைமேனி இலை மூன்றையும் அரைத்துப் பூசி, காய்ந்ததும் ஈரத்துணியால் முடிக்கு எதிராகத் தேய்க்கச் சொல். கத்தி படக்கூடாது. ஜைனப் வீட்டில் பாவு நூல் இருக்குமே, நூலை முறுக்கி எடுக்க அவளுக்குத் தெரியும்.

இன்னொன்று. உலகம்மன் சன்னதியில் ஒரு மண்டலம், நாற்பத்தெட்டு நாள், விளக்குப் போடச் சொல். நீ துட்டி வீட்டுக்காரி, புருஷன் போய் வருஷம் திரும்பவில்லை, போகவேண்டாம், அவள் போகட்டும். நடுவில் அந்த மூன்று நாள் வந்தால் நிறுத்திவிட்டு, தலை முழுகிய பிறகு விட்ட இடத்திலிருந்து எண்ணிக்கொள்ளலாம். குற்றம் இல்லை.

கண்ணாடியை நேராக மாட்டச் சொல். நம் வீட்டுப் பெண் அழகிதான்.

தங்கை பேராச்சி


தென்காசி
5-9-58

அன்புள்ள பேராச்சிக்கு அக்கா எழுதிக்கொண்டது. நாங்கள் இருக்கிறோம். உன் கால் வீக்கம் வற்றியதா. உப்பைக் குறைத்துக்கொள்.

நீ சொன்ன இலை, கிழங்கு எல்லாம் பூசியாகிவிட்டது. ஜைனப் பாவு நூலால் எடுத்துவிடுகிறாள். காலையில் எடுத்தால் மூன்றாம் நாள் முள் மாதிரி வந்துவிடுகிறது. "அக்கா, ஒங்க மவ தாடையில நூலே அறுந்துபோவுது" என்கிறாள், சிரித்துக்கொண்டேதான். போகும்போது சிரிக்கவில்லை.

இலத்தூரிலிருந்து ஒரு மருத்துவச்சி வெள்ளிக்கிழமை தோறும் வருகிறாள். மஞ்சளாக ஒரு கல், அரிதாரம் என்று பெயர், அதைச் சுண்ணாம்போடு குழைத்துத் தடவுகிறாள். எரியும். கொஞ்ச நேரத்தில் முடியெல்லாம் மாவு மாதிரி வழித்துக்கொண்டு வந்துவிடுகிறது. அதன்மேல் மஞ்சளும் பவுடரும் போட்டால் ஒன்றும் தெரியாது. ரெண்டு இடத்தில் தோல் வெந்து போயிருக்கிறது, அதுதான்.

அருவியில் நனைந்து நனைந்து தொண்டை கட்டிக்கொண்டது. கரகரப்பு இன்னும் போகவில்லை. சுக்குக் காப்பி கொடுக்கிறேன். போன வாரம் வாசலில் யாரோ ஆண் குரலில் "அம்மா" என்றது. உன் அத்தான் தம்பிதான் வந்திருக்கிறார் என்று எழுந்து போனேன். உலகு நின்றாள். ஜலதோஷக் குரல்.

தலையில் முன்பக்கம் முடி கொட்டுகிறது. அழுகிற பிள்ளைக்குக் கொட்டத்தானே செய்யும். அப்பா செல்லம் அவள்.

ஒரு நல்ல சேதி. மண்டலம் முடிந்துவிட்டது. ஆடி முதல் தேதி ஆரம்பித்தவள் ஆவணி பதினேழில் முடித்தாள். ஒரு நாள், ஒரு வேளை விடவில்லை. சாரலிலும் முக்காடு போட்டுக்கொண்டு போனாள். பட்டரே கூப்பிட்டு, "நாப்பத்தெட்டு நாளும் விடாம வெளக்குப் போட்ட பொண்ணு நீதாம்மா" என்று மாலை கொடுத்தாராம். அம்மன் பார்த்துக்கொள்வாள்.

தம்பியைக் கேட்டதாகச் சொல்.

அக்கா நாச்சியார்


சென்னை
13-9-58

அன்புள்ள அக்காவுக்கு பேராச்சி நமஸ்காரம். என் வீக்கம் பரவாயில்லை. மற்ற நலம் பிறகு.

உன் கடிதத்தை இவரிடம் வாசித்தேன். இவர் கம்பவுண்டராக இருக்கிற ஆஸ்பத்திரியில் எனக்குப் பார்க்கிற டாக்டரம்மாவிடம் மறுநாள் நானே போய்ச் சொன்னேன். சும்மா பேச்சுக்குத்தான் சொன்னேன், அக்கா. அவள் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டாள்.

அவள் சொன்னதைப் புரிந்த அளவில் எழுதுகிறேன். பொம்பளை உடம்பிலும் கொஞ்சம் ஆண் சத்து சுரக்குமாம். சிலருக்கு வம்சமாகவே முடி அதிகம், அம்மாவுக்கும் எனக்கும் போல. அது வயசுக்கு வந்ததிலிருந்து மெல்ல வருவது, ஆபத்தில்லை. சிலருக்குச் சூலகத்தில் கோளாறு இருந்து, தீட்டு ஆரம்பத்திலிருந்தே முன்னே பின்னே வரும், முடியும் வரும். அதுவும் மெதுவாகத்தான். அதற்கெல்லாம் வைத்தியம் உண்டு. மின்சார ஊசியால் வேரைப் பொசுக்கிவிடுகிறார்களாம்.

ஆனால் நன்றாக இருந்த பெண்ணுக்கு நாலைந்து மாதத்துக்குள் திடீரென்று வந்தால் அது முடி சம்பந்தப்பட்டதே இல்லையாம். வயிற்றுக்குள், சூலகத்திலோ மூத்திரக்காய், அதாவது சிறுநீரகத்துக்கு மேலேயோ ஒரு கட்டி உட்கார்ந்துகொண்டு ஆண் சத்தைக் கொட்டுமாம். முடி அதன் புகை மாதிரி. புகையைத் துடைத்தால் நெருப்பு அணையாது என்றாள். சின்னதாக இருக்கும்போதே அறுத்து எடுத்துவிட்டால் பிழைப்பாளாம்.

மூன்று கேள்வி கேட்டாள். ஒன்று, முடி எவ்வளவு நாளில் வந்தது. ரெண்டு, குரல் மாறியதா. மூன்று, மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா.

மூன்றாவதைக் கேட்டதும் உன் கடிதத்தை எடுத்து மறுபடி வாசித்தேன். நாற்பத்தெட்டு நாளும் விடாமல் கோயிலுக்குப் போனாள் என்று எழுதியிருக்கிறாயே. நாற்பத்தெட்டு நாளில் ஒரு தடவைகூடவா விலக்காகவில்லை.

அக்கா, அரிதாரம் பாஷாணம். நிறுத்து. மூன்றுக்கும் பதில் எழுது. உலகுவைக் கூட்டிக்கொண்டு புறப்படு. வம்சத்து முடி என்று நான் எழுதியது தப்பு.

தங்கை பேராச்சி


(கார்டு)
சென்னை
20-10-58

அக்காவுக்கு பேராச்சி நமஸ்காரம். நலம், நலம் அறிய ஆவல். போன கடிதத்துக்குப் பதில் இல்லை. வீட்டில் கவர் இல்லாததால் கார்டில் எழுதுகிறேன். உலகுவுக்கு மாதவிலக்கு நின்றுவிட்டதா, எத்தனை மாதம் ஆகிறது, உடனே எழுது. டாக்டரம்மா தினமும் கேட்கிறாள். கூட்டிக்கொண்டு வா.

பேராச்சி


தென்காசி
4-11-58

பேராச்சிக்கு அக்கா எழுதிக்கொண்டது. உனக்கு எட்டாம் மாதம். கோபத்தில் எதுவும் எழுதக்கூடாது என்று பத்து நாள் பேனாவைத் தொடவில்லை. நீ சுகமாக இரு.

நம் தெருவுக்கு வருகிற போஸ்ட்மேன் நல்லதம்பியைத் தெரியுமல்லவா. வாசிக்கத் தெரியாத வீட்டு வாசலில் நின்று கார்டை அவரே உரக்க வாசித்துவிட்டுப் போவார். எங்கள் வீட்டுக்கும் அதே பழக்கத்தில் வாசித்துவிட்டார். பாதியில்தான் என்ன வாசிக்கிறோம் என்று அவருக்கே உறைத்தது. "எம்மா, மன்னிச்சிரும்மா" என்று கார்டைக் கீழே போட்டுவிட்டுச் சைக்கிளை உருட்டிக்கொண்டு போனார். அதற்குள் குழாயடியில் நின்ற அத்தனை பேரும் கேட்டாயிற்று. கல்யாணமாகாத பெண்ணுக்கு நின்றுவிட்டதா, எத்தனை மாதம். தெரு அதற்கு என்ன அர்த்தம் பண்ணும், பேராச்சி. "தகப்பன் இல்லாத வீடு" என்றாள் எதிர்வீட்டுக்காரி, எனக்குக் கேட்கிற மாதிரி.

அதனால் தெரு பார்க்க நானே வாசல் தாண்டினேன். இங்கே புதிதாக வந்திருக்கும் பெண் டாக்டரிடம் உலகுவைக் கூட்டிப் போனேன். முதல் நாளே இலத்தூர்க்காரியை வரச்சொல்லி முகம், கழுத்து, கை, வயிறு எல்லாம் சுத்தமாக எடுத்துவிட்டேன். காலையில் மஞ்சள் பூசிக் குளிக்க வைத்து, பவுடர் போட்டு, தாழம்பூ வைத்துப் பின்னி, பச்சைப் பட்டு கட்டிவிட்டேன். பெண் பார்க்க வந்தபோது கட்டிய அதே பட்டு. போகும்போது தெருவில் ஒரு வாய் திறக்கவில்லை.

அங்கே ஆயா வேலை பார்ப்பவள் கீழப்பாவூர்க்காரி. எங்களைப் பார்த்ததும், "நம்ம சங்கரநாராயணன் சாருக்குப் பேசியிருக்க பொண்ணுல்லா" என்று பக்கத்திலேயே நின்றுகொண்டாள், நகரவில்லை. டாக்டரம்மா வயிறு வலி எப்படி இருக்கிறது, பசிக்கிறதா, அது இது என்று எல்லாம் கேட்டாள். எல்லாவற்றுக்கும் பதில் சொன்னோம். ரத்தம் இல்லை, வாயுவும் இருக்கிறது என்று டானிக் எழுதிக் கொடுத்திருக்கிறாள். பயப்பட ஒன்றும் இல்லையாம். மறுபடியும் மாதம் ஒருதரம் வரச்சொன்னாள்.

ஆகவே இனி இதைப் பற்றி எழுதாதே. வைகாசிக்கு இன்னும் ஏழு மாதம்தான் இருக்கிறது.

அக்கா நாச்சியார்


சென்னை
14-11-58

அக்காவுக்கு பேராச்சி காலில் விழுந்து எழுதிக்கொண்டது. கார்டில் எழுதியது என் புத்தி கெட்ட வேலை. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. செருப்பால் அடி.

உன் கடிதத்தை மூன்று தடவை வாசித்தேன். டாக்டரம்மா என்ன கேட்டாள் என்று எழுதியிருக்கிறாய். நீங்கள் என்ன பதில் சொன்னீர்கள் என்று எழுதவில்லை. சுத்தமாக வழித்து, மஞ்சள் பூசி, பட்டுக் கட்டிக் கொண்டுபோய் உட்கார வைத்தால் அவளுக்கு என்ன தெரியும், அக்கா. பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டுகிற மாதிரியா டாக்டருக்குக் காட்டுவது.

வயிறு வலி என்று ஒரு வார்த்தை போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். எப்போதிலிருந்து வலி. எனக்கு நீ சொல்லவே இல்லையே.

நானே வந்துவிடுவேன். ரயிலில் ஏறக்கூடாது என்று கட்டிலோடு போட்டிருக்கிறார்கள். இவர் தலைப்பிரசவம் என்று என்னை விட்டு நகரமாட்டேன் என்கிறார். பத்து வருஷம் கழித்து வந்த பிள்ளை, அவரைக் குற்றம் சொல்ல முடியவில்லை.

கல்யாணத்தைத் தள்ளிப் போடலாம். பாவூர் இல்லாவிட்டால் வேறு ஊர். அத்தான் கொடுத்த வாக்கு பெரிதுதான். அவர் உயிரோடு இருந்திருந்தால் வாக்கைப் பார்ப்பாரா, மகளைப் பார்ப்பாரா. ஒரு வரி எழுது.

பேராச்சி


தென்காசி
3-12-58

அன்புள்ள சித்திக்கு உலகம்மாள் நமஸ்காரம். நீங்களும் சித்தப்பாவும் நலந்தானே. பாப்பா உள்ளே உதைக்கிறதா.

அம்மாவுக்குத் தெரியாமல் ஜைனப் வீட்டுத் தறிக்குழியில் உட்கார்ந்து எழுதுகிறேன். நீங்கள் எனக்காக என்னமோ கேட்டு எழுதுகிறீர்கள் என்று தெரியும். அம்மா கடிதங்களை அரிசிப்பானைக்குள் வைத்திருக்கிறாள். எடுத்துப் பார்க்க எனக்குப் பயமாக இருக்கிறது.

சித்தி, வலது பக்கம் விலாவுக்குக் கீழே கல் மாதிரி இருக்கிறது. படுத்தால் கைக்குத் தட்டுப்படுகிறது. ஜைனப் கையை வைத்துப் பார்க்கச் சொன்னேன். அவள் கையை எடுத்துக்கொண்டு, "ஒங்க சித்திக்கு இன்னைக்கே எழுதுட்டி" என்று தாளும் பேனாவும் கொண்டுவந்து வைத்தாள்.

தெருவில் எல்லாரும் என் வயிற்றைத்தான் பார்க்கிறார்கள். அது அப்படி இல்லை. சத்தியமாக இல்லை. நீங்களாவது நம்புங்கள்.

அம்மாவை ஒன்றும் சொல்லாதீர்கள். வெள்ளிக்கிழமை மருந்து தடவும்போது எனக்கு எரியும் என்று அம்மா முதலில் தன் கையில் தடவிக்கொள்கிறாள். அவள் முழங்கையெல்லாம் புண். அப்பா செருப்பைத் தினமும் துடைத்து வைக்கிறாள்.

நான் பேசினால் அம்மா முகம் மாறிப்போகிறது. அதனால் வீட்டில் பேசுவதில்லை.

சித்தப்பாவை வந்து கூட்டிப்போகச் சொல்லுங்கள். சீக்கிரம் வரச் சொல்லுங்கள். பதிலை ஜைனப் வீட்டு விலாசத்துக்கு எழுதுங்கள்.

உங்கள் மகள்
உலகு


சென்னை
27-12-58

மதிப்பிற்குரிய மதினி அவர்களுக்கு குத்தாலிங்கம் வணக்கம். இறைவன் அருளால் 7-ந் தேதி பேராச்சிக்குப் பெண் குழந்தை பிறந்து, தாயும் சேயும் நலம். நாலு மூலையிலும் மஞ்சள் தடவி எழுதுகிறேன். அவளுக்கு ஜன்னி கண்டு ஆறு நாள் நினைவு இல்லாமலும் பிறகு பத்து நாள் எழ முடியாமலும் கிடந்ததால் உடனே தெரிவிக்க முடியவில்லை. இப்போது எழுந்து உட்காருகிறாள்.

நேற்று படுக்கையை உதறும்போது உலகு எழுதிய கடிதம் தலையணை உறைக்குள் இருந்தது. வலி எடுப்பதற்கு முந்தின நாள் வந்ததாம். அதைப் படித்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. லீவு கேட்டிருக்கிறேன். ஜனவரி 4-ந் தேதி காலை வண்டியில் வருகிறேன். அன்றைக்கே திரும்ப வேண்டும். உலகுவைத் தயாராக வைக்கவும். நீங்களும் வரவும். கல்யாணப் பேச்சையெல்லாம் பிறகு பார்த்துக்கொள்வோம்.

இப்படிக்கு
குத்தாலிங்கம்


சென்னை
13-1-59

அக்காவுக்கு பேராச்சி எழுதிக்கொண்டது. பிள்ளை பால் குடிக்கிறது. நான் நடமாடுகிறேன்.

இவர் நாலாம் தேதி வந்தார். வீடு பூட்டியிருந்தது. ஜைனப் வாசலில் நின்று அழுதிருக்கிறாள். "மொத நாளு சாயங்காலமே வில்வண்டியில கூட்டிட்டுப் போயிட்டாங்க மாமா. எங்கன்னு எங்கிட்டச் சொல்லலை. உலகு என்னையத் திரும்பிப் பாத்துக்கிட்டே போனா." இவர் ரெண்டு நாள் பூட்டின வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்துவிட்டு வந்தார்.

உலகு எழுதினாள் என்று இவர் வெள்ளை மனசாக எழுதியது தப்பாகிவிட்டது. அதற்காக அவளை அடித்தாயா. அடித்திருக்கமாட்டாய். ஒளித்து வைத்திருக்கிறாய்.

இது உன் கைக்கு எப்போது கிடைக்குமோ தெரியாது. பூட்டின வீட்டுக்கு எழுதுகிறேன். உன் மகளுக்குக் கேடு பாவூரில் இல்லை. அவள் வயிற்றுக்குள் இருக்கிறது. அதற்கு வைகாசி தெரியாது.

பேராச்சி


தென்காசி
8-2-59

பேராச்சிக்கு அக்கா எழுதிக்கொண்டது. பிள்ளைக்குத் திருஷ்டிப் பொட்டு வை.

வாசுதேவநல்லூரில் என் நாத்தனார் வீட்டில் இருந்தோம். நேற்று திரும்பினோம். உலகு தண்ணீர் குடித்தால்கூட வாந்தி எடுக்கிறாள். முகம் பூரித்துப் போயிருந்ததால் சதை போடுகிறாள் என்று நினைத்திருந்தேன். கையும் காலும் குச்சியாகிவிட்டது. இலத்தூர்க்காரி வந்தாள். வயிற்றைப் பார்த்துவிட்டு அரிதாரத்தை முடிச்சு அவிழ்க்காமலே, "எம்மா, இது என் வேலை இல்லை" என்று போய்விட்டாள்.

உன் டாக்டரம்மா அங்கே இன்னும் இருக்கிறாளா.

தம்பியை வரச்சொல். வீட்டில்தான் இருப்போம். கதவைத் திறந்து வைத்திருக்கிறேன்.

அக்கா


தென்காசி
22-3-59

பேராச்சிக்கு,

தந்தி கொடுத்தது, தம்பி வந்து கொள்ளி வைக்கிறவரை இருந்தது, பதினாறு முடித்துப் புறப்பட்டது எல்லாம் அவர் சொல்லியிருப்பார். அவரிடம் சொல்ல முடியாததை எழுதுகிறேன். துட்டிக் கடிதத்தை வாசித்ததும் கிழித்துப் போடுவார்கள். இதை நீ கிழிக்காதே. முழுக்க வாசித்த பிறகு என்ன செய்யவேண்டும் என்று சொல்கிறேன்.

பட்டணம் வரை தாங்கமாட்டாள் என்று திருநெல்வேலியிலேயே சேர்த்தோம். வயிற்றைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடித் தைத்துவிட்டார்கள். மூத்திரக்காய்க்கு மேலே இருந்தது ஈரலுக்கும் ஏறிவிட்டதாம். அங்கிருந்த பெரிய டாக்டர் என்னைத் திட்டவில்லை. "ஆவணி, புரட்டாசியில் வந்திருந்தால் பார்த்திருக்கலாம், அம்மா" என்றார், அவ்வளவுதான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீட்டுக்குக் கொண்டுவந்து ஐந்தாம் நாள், அவள் அப்பா திவசத்துக்கு நாலு நாள் இருக்கும்போது போய்விட்டாள்.

ஆஸ்பத்திரியில் இருந்த ரெண்டு வாரமும் நான் அவள் முகத்தில் எதுவும் பூசவில்லை. தாடி மாதிரி வளர்ந்துவிட்டது. ஒரு நாள் கண்ணாடி கேட்டாள். கொடுத்தேன். ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, "அப்பா சாடை இருக்குல்லாம்மா" என்றாள். இருந்தது, பேராச்சி. அந்தக் குரலும் அவர் குரல்தான். ஆறு மாதம் அந்தக் குரலுக்குப் பயந்து அவளைப் பேசவிடாமல் வைத்திருந்தேன்.

குளிப்பாட்டும்போது தெருப் பெண்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள். எதிர்வீட்டுக்காரி மஞ்சளை அரைத்துக்கொண்டு வந்து, "மூஞ்சிய மறைச்சு அப்பிருவோம், பாவூர்க்காரங்க வண்டி வந்துட்டு" என்றாள். நான் கிண்ணத்தை வாங்கிக் கீழே வைத்துவிட்டேன். இருக்கட்டும், பார்க்கட்டும் என்றேன். தெரு பார்த்தது. வயிற்றையும் பார்த்தது. ஜைனப் தலைமாட்டிலேயே நின்றுகொண்டு ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தாள்.

சம்பந்தி அம்மாள் வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். என் மகள் தாடையைத் தடவிப் பார்த்தாள். பிறகு, ஒரு நாளும் எடுக்காத அந்தச் சேலைத் தலைப்பை எடுத்துவிட்டு, என் கையைப் பிடித்துத் தன் தாடையில் வைத்தாள். முள்ளாகக் குத்தியது.

"முப்பது வருசமா ரெண்டு நாளைக்கு ஒருக்கா சிரைக்கேன் மதினி. எங்க அம்மைக்கும் உண்டு. எம் மவனுக்குத் தெரியும். நம்ம ஊரு ஆயா ஒங்க மவளப் பத்தி அன்னைக்கே வந்து சொன்னா, முடி எடுத்த எடத்துல மஞ்சளுக்குள்ள தோலு வெந்துகெடக்குன்னு. எம் மவன் என்ன சொன்னாந் தெரியுமா. வீட்ல ஒங்களுக்குத் தொணைக்கு ஒரு ஆளு வாராம்மான்னு சிரிச்சான். இதுக்கா மறைச்சீக."

பேராச்சி, உனக்கும் பெண் பிள்ளை. இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு போய் உன் டாக்டரம்மாவிடம் வாசித்துக் காட்டு. அவள் கேட்ட மூன்று கேள்விக்கும் பதில் எழுதுகிறேன். நேரம் கழித்துத்தான் எழுதுகிறேன். இன்னொருத்தி பெண்ணுக்கு உதவும் என்றால் உதவட்டும்.

முதல் கேள்வி, முடி எவ்வளவு நாளில் வந்தது. சித்திரை பத்தாம் தேதி ரெண்டு முடி. ஆனி கடைசிக்குள் உடம்பு முழுவதும். மூன்று மாதம்கூட இல்லை. அம்மாவுக்கும் உனக்கும் வந்த மாதிரி இது வரவில்லை. எனக்கு அப்போதே தெரியும். நம் வம்சத்து முடி என்று நீ எழுதியதும் அதைப் பிடித்துக்கொண்டேன்.

ரெண்டாவது, குரல் மாறியதா. மாறியது. ஆவணியில். அருவியில் நனைந்ததால் இல்லை. அருவிக்கு அவள் ஆனியில் ஒரே ஒரு நாள்தான் போனாள்.

மூன்றாவது. கடைசியாக அவள் விலக்கானது பங்குனி முதல் வாரம். அப்பாவை நினைத்து அழுதழுது நின்றுபோயிற்று, கல்யாணமானால் சரியாகிவிடும் என்று இருந்தேன். நாற்பத்தெட்டு நாளும் விடாமல் விளக்குப் போட்டாள் என்று நான் உனக்குச் சந்தோஷமாக எழுதவில்லை. நீயாகக் கண்டுபிடிக்கமாட்டாயா என்றுதான் எழுதினேன். நீ கண்டுபிடித்தாய். அதன் பிறகு எனக்குத் தைரியம் இல்லை.

இங்கே அந்தப் பெண் டாக்டர்மேல் ஒரு குற்றமும் இல்லை. அவளும் இதையேதான் கேட்டாள். உலகுவின் கையைப் பிடித்துக்கொண்டு, "மாசா மாசம் சரியா வருதாம்மா" என்று அவளைப் பார்த்துத்தான் கேட்டாள். பாவூர் ஆயா பக்கத்தில் நின்றாள். உலகு என்னைப் பார்த்தாள். சொல்லவேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

"சரியா வருதும்மா, ஒரு மாசம் தப்பலை" என்று நான் சொன்னேன்.

நாச்சியார்